பதினேழாம் நம்பர் நேரத்துக்கு வந்த மூன்று வாரங்கள்

பதினேழாம் நம்பர் பேருந்தைப் பற்றி நகரத்தில் இரண்டு கருத்து கிடையாது. அரை மணி நேரம் நின்றாலும் வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும். முதல் பேருந்தில் ஆட்கள் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவதில் ஓட்டுநரும் அவருடைய தண்ணீர் பாட்டிலும் மட்டும் காற்று வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட வண்டி மூன்று வாரம் தொடர்ந்து, ஆறு நிமிடத்துக்கு ஒன்றாக, வீட்டுக் கடிகாரத்தை அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்கிற மாதிரி வந்தது என்றால், அதற்கு ஒருத்திதான் காரணம். ஊர் மகிழ்ந்தது. அவள் பெற்ற மகள் மட்டும் சோறு தண்ணீர் இல்லாமல் சுருண்டு கிடந்தாள்.

அந்த ஒருத்தி, பதினேழாம் தடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிற ஓட்டுநர். டிப்போவில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அக்கா. கணவர் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே நிற்பதால் வீட்டில் அழுக்குச் சட்டையைக் கண்டாலும் கண்டுகொள்ளாத மனிதர். ஒரே மகள். சின்ன வயதில் அம்மாவுக்காக டிப்போ வாசலில் காத்திருக்கும்போது, எந்த வண்டி எத்தனை நொடி தாமதம் என்று எண்ணிச் சொல்வாள். அதனால் அங்கே அவளுக்கு ‘செகண்டு’ என்று பெயர் விழுந்தது. பதினாறு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

செகண்டு படித்த அரசுப் பள்ளியில் பன்னாட்டு டிப்ளமா என்ற இரண்டு வருடப் படிப்பைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். யாருக்கும் கட்டாயமில்லை, ஆர்வமுள்ளவர்கள் மட்டும் வரலாம் என்றார்கள். ஆர்வம் என்ற சொல் காதில் விழுந்தாலே கையைத் தூக்கிவிடுகிற பிள்ளை அவள். சேர்ந்துவிட்டாள்.

அம்மாக்காரி இந்தப் படிப்பை டிப்போவின் ஓய்வறையில் விளக்கியது இப்படி:

“ஆறு பாடம். அது போக, ஊருக்கு உழைச்சதுக்குக் கணக்குக் காட்டணும். அது போக, நாலாயிரம் வார்த்தையில ஒரு கட்டுரை, அவளே ஆராய்ச்சி பண்ணி எழுதணும். அதுவும் போக, உனக்குத் தெரியும்ங்கறது உனக்கு எப்படித் தெரியும்னு ஒரு பாடம்.”

“கடைசியில சொன்னியே, அத என் வீட்டுக்காரி தினம் கேக்குறா,” என்றார் ஊர்வலம். அவர்தான் டிப்போவிலேயே மூத்த ஓட்டுநர். அவர் வண்டி போகிற வேகத்தில் பின்னால் பத்துப் பதினைந்து கார்கள் வரிசை கட்டிவிடும் என்பதால் அந்தப் பட்டம்.

எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு ஒரு குறை இருந்தது. மகளின் புத்தகங்களைப் புரட்டினால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்களாம். இவளால் முடிந்தது, மேசையைத் துடைத்துக்கொடுத்து விளக்கைப் போட்டுவிடுவதுதான். பெற்றவளாக இருந்துகொண்டு மகளின் படிப்பில் வேடிக்கை பார்க்கிறவளாக நிற்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செகண்டு ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

“அம்மா, லீவுல மூணு வாரம் ஆஸ்பத்திரி ஸ்டாப்புல உக்காந்து உன் பஸ்ஸு டைம் எல்லாம் குறிச்சுக்கப் போறேன். காலைல ஏழுலேருந்து பத்து வரைக்கும். கட்டுரைக்கு.”

“எதுக்கு, என்ன பார்க்கப் போற?”

“அதச் சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. நீ பாட்டுக்கு ஓட்டு.”

நீ பாட்டுக்கு ஓட்டு என்று சொன்னால் ஓட்டிவிட்டுப் போகிற ஆளா இவள். இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பதினேழாம் நம்பரை வைத்துத்தான் மகளுக்கு மதிப்பெண். வண்டிகள் இப்போது வருகிற லட்சணத்தில் வந்தால் பிள்ளை கட்டுரையில் எதை எழுதும். படிப்பில் இந்த ஒன்றுதான் அம்மாவின் கையில் இருக்கிறது, இதையும் விட்டால் அவள் எதற்கு அம்மா. மறுநாள் காலை ஓய்வறையில் பதினோரு ஓட்டுநர்கள் தேநீர்க் கோப்பையும் கையுமாக இருந்தபோது எழுந்து நின்றாள்.

“மூணு வாரம். காலைல மூணு மணி நேரம். ஆறு நிமிஷத்துக்கு ஒண்ணு, பிசகவே கூடாது. நம்ம செகண்டுக்கு இதுதான் பரீட்சை. மானத்தக் காப்பாத்துங்க.”

பிள்ளையின் பரீட்சை என்றதும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி. அதற்கும் அவளே வழி சொன்னாள். எதிர்த்திசையில் வரும் நம் வண்டிக்காரர் எல்லாரையும் பார்த்துக்கொண்டுதான் வருகிறார். உனக்கு முன்னால் போன வண்டியைத் தாண்டி எத்தனை நிமிடம் ஆயிற்று என்று அவர் உனக்கு விரலில் காட்டட்டும். மூன்று விரல் என்றால் சரி. இரண்டு என்றால் நீ முன்வண்டியை நெருங்கிவிட்டாய். பாலத்து முனையிலோ தபால் நிலையத்திலோ, எது முதலில் வருகிறதோ அங்கே கொஞ்சம் நின்று போ. நான்கு என்றால் எங்கும் நிற்காதே. அவ்வளவுதான். ஓட்டுநர்கள் எதிரெதிரே கையைத் தூக்குவது எப்போதும் நடப்பது. வணக்கம் வைக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

அப்புறம் நடந்ததைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது. ஊர்வலம்கூட வேகமாகப் போனார். ஒரு பெண்மணி டிப்போவுக்குப் புகார் எழுதினார். பத்து வருடமாக ஏழேகால் வண்டியைத் தான் ஏழரைக்குப் பிடித்து வருவதாகவும், முன்னறிவிப்பு இல்லாமல் அதை ஏழேகாலுக்கே அனுப்புவது முறையல்ல என்றும். அந்தக் கடிதத்தை அக்கா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். தினமும் ஆஸ்பத்திரி நிறுத்தத்தைக் கடக்கும்போது, குடைக்குள் நோட்டுப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மகளை ஓரக்கண்ணால் பார்ப்பாள். நெஞ்சு நிறைந்துவிடும். மகளின் முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டு போனது மட்டும் அந்தப் பெருமையில் அவள் கண்ணுக்குப் படவில்லை.

பள்ளி திறந்த அன்று மாலை கணவர்தான் பேச்சை எடுத்தார்.

“உங்க பஸ்ஸுக்கு என்னம்மா ஆச்சு? மூணு வாரமா நான் வேலைக்குச் சீக்கிரமா போயிடறேன். எங்க சூப்பர்வைசர் என்னைச் சந்தேகமா பார்க்குறாரு.”

செகண்டு தட்டைத் தள்ளி வைத்தாள். “அதான்பா பிரச்சினையே. எல்லாம் நேரத்துக்கு வருது.”

“நல்லதுதானே?”

“கட்டுரையே, ஏன் மூணு மூணா சேர்ந்து வருதுங்கறதுதான்பா. ஒரு பஸ் கொஞ்சம் லேட்டாச்சுன்னு வச்சுக்க. அடுத்த ஸ்டாப்புல அதுக்குள்ள கூட்டம் சேர்ந்துடும். அத்தனை பேரும் ஏறணும்ல, இன்னும் லேட்டாகும். பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஏற ஆளே இருக்காது. அது விறுவிறுன்னு வந்து முன்னாடி பஸ்ஸப் பிடிச்சுடும். இதுக்குக் கணக்கு இருக்கு. சமன்பாடெல்லாம் போட்டு வச்சிட்டேன். ஆனா நானூத்தி ஐம்பது பஸ் குறிச்சேன், ரெண்டு பஸ் சேர்ந்து ஒரு தடவைகூட வரல. என் கணக்குப்படி இப்படி நடக்கவே முடியாது. எங்க தப்புன்னும் தெரியல.”

“வேற தலைப்பு எடுத்துக்கயேன்.”

“முதல் வரைவு குடுக்க ஒம்பது நாள்தான் இருக்கு. இந்தக் கட்டுரை தேறலைன்னா ஆறு பாடத்துலயும் முழு மார்க் வாங்கினாலும் டிப்ளமா கிடையாதுப்பா. டிப்ளமா இல்லைன்னா யூனிவர்சிட்டி சீட்டும் இல்ல.”

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு அத்தனையும் கேட்டது. குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை. அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும், அது அவளுக்கும் தெரியும். ஆனால் மகளுக்கு உதவப் போய் மகளின் குடியைக் கெடுத்தேன் என்று சட்டென்று சொல்லிவிட எந்தத் தாய்க்கு நாக்கு வரும்.

மறுநாள் டிப்போ ஓய்வறையில் விஷயத்தைச் சொன்னாள். ஊர்வலம்தான் முதலில் தேறினார்.

“இதுக்கா இப்படி உக்காந்துட்ட? சனிக்கிழமை அவள வரச் சொல்லு. மூணு என்ன, அஞ்சு அஞ்சா வர்றோம். அதெல்லாம் நமக்குக் கைவந்த கலை.”

அவளுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் நின்றாள். போன தடவை செய்தது அறியாமல் செய்தது. இது அறிந்து செய்வது. இரவு பகலாக உழைக்கிற பிள்ளையின் நோட்டில் இவள் பொய்யை எழுதிவைப்பதற்குச் சமம். பிள்ளையும் அதை உண்மை என்று நம்பிக் கையெழுத்துப் போடும்.

“வேணாம்ணே,” என்றாள். “நான் போய்ச் சொல்லிடறேன்.”

முறை முடிந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் பள்ளிக்குப் போனாள். கணித அறையில் மகள் இருந்தாள். கட்டுரைக்கு வழிகாட்டும் கணித ஆசிரியையும் இருந்தார். எதைச் சொன்னாலும் எங்கே படித்தாய், ஆதாரம் என்ன என்று கேட்பவர் என்பதால் பிள்ளைகள் அவருக்கு ‘அடிக்குறிப்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பலகை நிறைய சமன்பாடு. இருவரும் தவறைத் தேடி அதையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்க கணக்குல தப்பு இல்ல டீச்சர்,” என்றாள் அவள் வாசலிலேயே நின்று. “தப்பு என் பேர்ல.”

சொல்லி முடித்தாள். செகண்டுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நீயாம்மா? மழையில குடை பிடிச்சிக்கிட்டு நானூத்தி ஐம்பது பஸ் எழுதினேனே. தினம் என்னைப் பார்த்துக்கிட்டேதான போன? நீ பாட்டுக்கு ஓட்டுன்னுதான சொன்னேன்.”

“சொன்ன. தப்புதான் கண்ணு.” தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றாள்.

ஆசிரியை பலகையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். அப்புறம் கேட்டது ஒரே கேள்வி.

“எப்படிச் செஞ்சீங்க?”

“எப்படின்னா?”

“பதினோரு பேர், ஒரு கருவியும் கிடையாது. மூணு வாரம் ஆறு நிமிஷம் பிசகல. இத எப்படிச் செஞ்சீங்கன்னு கேக்குறேன்.”

அவள் விரலைத் தூக்கிக் காட்டி விளக்கினாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த மகள், அழுகையை மறந்து திரும்பினாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கேள்வி என்று ஒன்று மனதில் எழுந்துவிட்டால் அந்தப் பிள்ளையால் சும்மா இருக்க முடியாது.

“இரு. ஆறு நிமிஷ இடைவெளிக்கு ஏன் மூணு விரல்? ஆறுதான காட்டணும்?”

“எதிரும் புதிருமா வர்றோம்ல. அவரும் வர்றாரு, நானும் போறேன். பாதி நேரத்துல பார்த்துக்குவோம்.”

செகண்டு எழுந்து பலகைக்குப் போனாள். பாதியை அழித்தாள். இரண்டு கோடு இழுத்தாள், எதிரெதிராக அம்பு போட்டாள். கொஞ்ச நேரம் அந்த அறையில் சுண்ணக்கட்டியின் சத்தம் மட்டும்தான். பிறகு ஆசிரியையைப் பார்த்து, “டீச்சர், இது வேற கட்டுரை,” என்றாள். “ஏன் சேர்ந்து வருதுங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சது. குறைஞ்சது எத்தனை இடத்துல நின்னா சேராம வரும்? நான் அதக் கேக்கலாம்.”

“கேளு. ஆனா நடந்தது அத்தனையும் ஒளிக்காம எழுதணும்,” என்றார் அடிக்குறிப்பு. “அந்த மூணு வாரமும் வேணும்னே நேரத்துக்கு வந்தோம்னு பதினோரு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும், நான் கோப்புல வச்சுக்கறேன். கட்டுரையில யார் பேரும் வரக் கூடாது. திருத்துறவங்களுக்கு மாணவி யாருன்னே தெரியக் கூடாதுங்கறது விதி. அப்புறம், அதுக்கு முன்னாடி மூணு வாரம் வண்டி எப்படி வந்துச்சுன்னு டிப்போவோட பதிவு வேணும். அது இல்லாம ஒப்பிட முடியாது.”

அந்தப் பதிவுதான் சிக்கல். டிப்போ இயந்திரத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் வெளியாளுக்குத் தர விதி இல்லை என்று மேலாளர் செகண்டை முன்பே ஒரு தடவை திருப்பி அனுப்பியிருந்தார். விதி என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம்.

மறுநாள் காலை அவர் அறை வாசலில் பதினோரு ஓட்டுநர்கள் வரிசையில் நின்றார்கள், ஆளுக்கொரு தாளோடு. வேலைநிறுத்தம் என்று நினைத்து மேலாளர் தண்ணீர் குடித்தார். முதல் தாளை வாங்கிப் படித்தார். ‘மேற்படி மூன்று வாரமும் நான் வேண்டுமென்றே நேரத்துக்கு வந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.’ இரண்டாவதிலும் அதுதான். மூன்றாவதில் கூடவே, ‘இதற்கு வருந்துகிறேன்’ என்றும் இருந்தது.

“ஏழு வருஷமா நேரத்துக்கு வாங்க வாங்கன்னு மாசம் ஒரு சுற்றறிக்கை விடறேன்,” என்றார் மேலாளர். “அப்பல்லாம் முடியாததா?”

“அதுல யாரு பாஸாகப் போறாங்கன்னு நீங்க சொல்லலையே சார்,” என்றார் ஊர்வலம்.

மேலாளருக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றுவரை டிப்போவில் இரண்டு கட்சி உண்டு. அக்கா மட்டும் ஒரு அடி முன்னால் வந்து, “விதியில வெளியாளுக்குத் தரக் கூடாதுன்னுதான சார் இருக்கு,” என்றாள். “அவ இந்த டிப்போ வாசல்லயே வளர்ந்தவ. அவ தேறலைன்னா அது என்னாலதான் சார். வேற யார்கிட்ட போய் நான் கேப்பேன்?” மேலாளர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு பள்ளியிலிருந்து முறையாக ஒரு கடிதம் வந்தால் தருகிறேன் என்றார். கடிதம் அன்று மாலையே வந்தது, மூன்று அடிக்குறிப்புகளோடு.

அதற்குப் பிறகு ஏழு நாள் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை சாப்பாட்டுக்கு இல்லை. பழைய பதிவு ஒரு பக்கம், நானூற்று ஐம்பது வண்டிகள் ஒரு பக்கம். அப்பா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். செகண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள், அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். கூட்டம் எந்த நிறுத்தத்தில் ஏறும், எங்கே இறங்கும், மழை நாளில் கதவு மூட எவ்வளவு நேரமாகும். பன்னிரண்டு வருடமாக யாரும் கேட்காத கேள்விகள்.

“நிக்கறதுக்கு ஏன் ரெண்டே இடம்?” என்றாள் மகள் ஒரு நாள் சாயங்காலம்.

“ஒரு இடத்துல மட்டும் நின்னா, மார்க்கெட் தாண்டுறதுக்குள்ள மறுபடி கலைஞ்சிடும். மூணு இடத்துல நின்னா உள்ள இருக்கறவங்க திட்டுவாங்க. ஏதோ மனசுல பட்டுச்சு, சொன்னேன்.”

செகண்டு கணக்குப் போட்டாள். ஒரு இடத்தில் நின்றால் போதவில்லை. இரண்டு இடத்தில் நின்றால் போதுகிறது. மூன்றாவது இடம் சேர்த்தால் பயணிகளுக்குத் தாமதம் கூடுகிறதே ஒழிய வேறு லாபம் இல்லை. மூன்று தரம் சரிபார்த்துவிட்டு, தாளை அம்மாவின் முன்னால் நகர்த்தினாள்.

“ரெண்டுதான்மா. உன் ரெண்டுதான் சரி.”

தாளில் இருந்ததில் ஒரு வரிகூட அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் கட்டம் கட்டியிருந்த இரண்டு என்ற எண் மட்டும் புரிந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவ்வளவு சந்தோஷம். “இத எனக்குப் புரியற மாதிரி முதல்லேருந்து சொல்லு,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகள் சொன்னாள். புரியாத இடத்தில் அம்மா நிறுத்தினாள், மறுபடி சொல்ல வைத்தாள். ஒரு வாரத்தில் கட்டுரையின் வாதம் அவளுக்கு மனப்பாடம். ‘இந்த முறையை முதலில் யோசித்தவர் ஓட்டுநர் எண் ஒன்று’ என்று எழுதியிருந்த வரியைக் கணவர் நாலு தரம் வாசித்துக் காட்டினார். பெயர் இல்லாதது ஒரு குறையாகவே அவளுக்குப் படவில்லை.

வரைவு ஒன்பதாம் நாள் போனது. பத்து மாதம் கழித்து, தேர்வுகளும் முடிந்து, முடிவு வருகிற நாளும் வந்தது. காலை பதினொரு மணிக்கு இணையத்தில் வெளியிடுவார்கள். வீட்டில் பார்க்கலாம் என்றால் அம்மாவுக்கு வேலை. செகண்டு போனை எடுத்துக்கொண்டு டிப்போவுக்கே வந்துவிட்டாள். ஓய்வறையில் நிற்க இடமில்லை. பக்கம் திறக்க மறுத்தது. ஊர்வலம் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா எதையும் பார்க்காமல் சுவரில் இருந்த நேர அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு பாடத்தைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, அவை மகளின் பொறுப்பு. அந்த ஒரு கட்டுரை தன் தலையில் இருக்கிறது என்றுதான் பத்து மாதமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா,” என்றாள் செகண்டு. “டிப்ளமா வந்துடுச்சு.”

“கட்டுரை?”

“ஏ. அதுக்கு மேல கிரேடே கிடையாது.”

அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, வெட்கமில்லாமல், சிரித்துக்கொண்டே அழுதாள். செகண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சத்தம் கேட்டு வந்த மேலாளர், வண்டியை எடுங்கள் என்று சொல்ல வந்தவர், சொல்லாமல் யாரோ நீட்டிய தேநீரை வாங்கிக்கொண்டார். கணவருக்குப் போன் போட்டால் சலவை இயந்திரங்களின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் பதிலுக்குக் கத்தினார்.

அவள் வண்டி புறப்பட்டது இருபத்தெட்டு நிமிடம் தாமதமாக. முதல் நிறுத்தத்தில் கூட்டம் பொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டும்போது பயணிகளிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாதவள் என்று பெயர் வாங்கியவள், அன்று கதவைத் திறந்ததும் முதலில் ஏறிய மனிதரிடம் தானாகச் சொன்னாள்.

“என் பொண்ணு பாஸாயிட்டா சார்.”

அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “சந்தோஷம்மா. அதுக்கும் பஸ் அரை மணி நேரம் லேட்டா வந்ததுக்கும் என்ன சம்பந்தம்?”

“நாலாயிரம் வார்த்தை இருக்கு,” என்றாள் அவள். “ஏறி உக்காருங்க, சொல்றேன்.”